குலையில் பிறந்த சொல்

நம் பெட்டியின் அடியில் ஒரு தாள் கிடக்கிறது. மஞ்சள் பூத்து, மடிப்புகளில் கிழிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டு பள்ளி இறுதி வகுப்பை முடித்து வெளியேறியபோது, தலைமையாசிரியர் தம் கைப்பட ஆங்கிலத்தில் எழுதித் தந்த நன்னடத்தைச் சான்று அது. மொத்தம் நான்கே வரிகள். ஒழுங்கானவன், ஒழுங்காக வந்தவன், ஆசிரியர்க்கு அடங்கியவன் என்று எல்லாருக்கும் எழுதுவதையே நமக்கும் எழுதிவிட்டு, நான்காம் வரியில் மட்டும் அவர் நமக்கென்று ஒரு சொல்லை வைத்தார். 'பிளக்கி' என்பது அச்சொல்.

அவர் ஏன் அதை எழுதினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவ்வாண்டு விளையாட்டு விழாவில் ஒரு மைல் ஓட்டத்தில் நாமும் ஓடினோம். காலில் செருப்பு இல்லை. அந்நாளில் எவர் காலிலும் இல்லை. மூன்றாம் சுற்றில் ஓர் ஓட்டுச் சில்லு குதிகாலைக் கிழித்தது. நிற்கவில்லை. நொண்டியபடியே ஓடினோம். நாம் எல்லைக் கோட்டை அடைந்தபோது பரிசு மேசையைத் தூக்கிக்கொண்டு இருவர் போய்க்கொண்டிருந்தனர். மைதானத்தில் செம்மண்ணா, நம் குருதியா என்று பிரித்தறிய முடியாத அடையாளங்கள் கோடு கோடாகக் கிடந்தன. தலைமையாசிரியர் அருகில் வந்து முதுகில் தட்டினார். அந்தத் தட்டல்தான் பின்னர் சான்றில் ஒரு சொல்லாக அமர்ந்தது.

கையடக்க ஆங்கில–தமிழ் அகராதியை ஓடிப்போய்ப் புரட்டினோம். "தைரியமுள்ள" என்றது அகராதி. போதாதா? சந்தைப்பேட்டைத் தெருவில் பிறந்தவனுக்கு வெள்ளைக்காரன் மொழியில் வீரப்பட்டம்! நம் தெருவில் அதுவரை எவரும் பெறாத பட்டம்! கண்டவரிடமெல்லாம் காட்டினோம். ஆங்கிலம் அறியாதவரிடம் இன்னும் அதிகமாகக் காட்டினோம்.

எம் தந்தையார் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். திருச்சி மாவட்டத்துச் சந்தை ஊர் ஒன்றில், புளியமரக் கட்டை ஒன்று, தராசு ஒன்று, இரும்புக் கொக்கிகள் நான்கு. அவ்வளவே அவரது வாணிகம். விடியுமுன் எழுவார், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் அவருக்கு ஓய்வு நாளல்ல, உழைப்பு நாள். அந்தக் கடைதான் நமக்குப் புத்தகம் வாங்கித் தந்தது, சட்டை வாங்கித் தந்தது, அந்தச் சான்றிதழை வாங்குகிற இடம்வரை நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியது. இருந்தும், வகுப்பில் எவரேனும் தந்தையின் தொழிலைக் கேட்டால் நம் நா தடுமாறும். கறியை விரும்பி உண்பவன்கூடக் கறி வெட்டுபவனைக் கண்டால் ஓர் அடி தள்ளி நிற்பான். அது நாம் அறிந்த நாடு, நாம் அறிந்த தெரு.

1964-இல் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. கண்ணாடி அணிந்த அதிகாரி ஒருவர், முதியவர், ஆங்கிலம் அவர் வாயில் தண்ணீர் பட்டபாடு. விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"தகப்பனார் தொழில் வணிகம் என்று எழுதியிருக்கிறாய். என்ன வணிகம் தம்பி?"

"பொது வணிகம், சார்."

பொய்! அரிசியா, பருப்பா, துணியா என்று அவர் துருவவில்லை. சான்றிதழை எடுத்தார். நான்காம் வரியில் அவர் கண் நின்றது. உதட்டோரம் ஒரு சிரிப்பு முளைத்தது.

"பிளக்கி என்று போட்டிருக்கிறாரே! ஏதாவது ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தாயா?"

நாம் திகைத்துப் போனோம். மைதானத்தில் அவர் இல்லை. ஓட்டுச் சில்லு அவருக்குத் தெரியாது. குதிகாலின் தழும்பு மேசைக்கு அடியில் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்? "ஆம், சார்" என்றோம். அவர் ஏளனம் செய்யவில்லை, கனிவாகவே தலையசைத்தார். ஆனால் அந்தக் கனிவு ஏளனத்தைவிட ஆழமாக இறங்கியது. வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை. நம்மைத் துளைத்தது அந்தக் கேள்விதான். வீரப்பட்டம் என்று நாம் ஊரெல்லாம் சுமந்து திரிந்த சொல்லிலிருந்து, நாம் தோற்றவன் என்பதை ஒருவர் எப்படிப் படித்தறிய முடிந்தது?

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனோம். அன்று தொடங்கிய தேடல், கிடைத்தபோதெல்லாம் தொடர்ந்தது. அகராதிகள் மாறின; நம் தலை நரைத்தது; சொல்லின் கதை மட்டும் புதிது புதிதாகக் கிளைத்தது. அதைத்தான் இங்கே கூற வந்தோம்.

'பிளக்' என்றால் ஆங்கிலத்தில் பறித்தல், பிடுங்குதல். பூவைப் பறிக்கலாம், கோழியின் இறகைப் பிடுங்கலாம். இரண்டுக்கும் அதுவே சொல். மிகப் பழைய சொல். நார்மன் படை இங்கிலாந்தில் கால்வைத்த 1066-க்கு முன்பே அந்த மண்ணில் வழங்கியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வினைச்சொல்லைக் கசாப்புக் கடைக்காரர்கள் ஒரு பொருளுக்குப் பெயராக்கினர். அறுத்த ஆட்டின் வயிற்றைத் திறந்து, மூச்சுக்குழலைப் பற்றி ஓர் இழுப்பு இழுத்தால், நுரையீரலும் இதயமும் ஈரலும் ஒன்றையொன்று பற்றியபடி ஒரே கொத்தாகக் கையோடு வரும். பறித்தெடுத்தது ஆகையால் அக்கொத்துக்குப் 'பிளக்' என்று பெயர். ஸ்காட்லாந்து மக்கள் பெருமையோடு உண்ணும் 'ஹாகிஸ்' என்ற பண்டம் ஆட்டின் இந்தக் கொத்தை வேகவைத்து நறுக்கி, ஓட்ஸ் மாவோடு பிசைந்து, இரைப்பைக்குள் அடைத்துச் சமைப்பது.

1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் பேரகராதியை வெளியிட்டார். அதிலும் இந்தச் சொல் இருக்கிறது: விலங்கின் இதயம், ஈரல், நுரையீரல். நெஞ்சுரம் என்ற பொருள் அங்கே இல்லை. முப்பது ஆண்டு சென்றது. 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் வேறொரு அகராதி வெளியிட்டார். பண்டிதர் சொற்கள் அதில் இல்லை. திருடர், படைவீரர், மாலுமிகள், சாராயக் கடைக்காரர், சூதாடிகள் ஆகியோர் வாயில் புழங்கிய சொற்கள் இருந்தன. இழிவழக்கு அகராதி என்றே அதற்குப் பெயர். அந்த ஏட்டில்தான் 'பிளக்' என்பதற்கு அஞ்சாமை என்று பொருள் எழுதப்பட்டது. அது இல்லாதவன் கோழை.

ஆட்டின் குலை எப்படி ஆளின் வீரமாயிற்று?

அதற்கு விடை குத்துச்சண்டைக் களத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குத்துச்சண்டை, இன்று நாம் காணும் விளையாட்டன்று. கையுறை இல்லை, வெறும் முட்டி. மூன்று நிமிடச் சுற்று இல்லை. ஒருவன் விழுந்தால் ஒரு சுற்று முடிந்தது. விழுந்தவன் அரை நிமிடத்தில் எழுந்து கோட்டுக்கு வரவேண்டும், வரவில்லையேல் தோல்வி. ஜாக் பிரௌட்டன் 1743-இல் வகுத்த விதி அது. எனவே எவன் நன்றாக அடிக்கிறான் என்பதைவிட, எவன் எத்தனை அடி வாங்கியும் எழுகிறான் என்பதிலேயே பந்தயப் பணம் குவிந்தது. அந்த எழும் ஆற்றலுக்கு முதலில் அவர்கள் வைத்த பெயர் 'பாட்டம்', அதாவது அடிப்பகுதி, ஆணிவேர். அதற்குத் துணையாகப் 'பிளக்' வந்து சேர்ந்தது. உள்ளே குலை இருக்கிறதா இவனுக்கு? இருந்தால் எழுவான்! இப்படிக் கேட்டவர்களில் கசாப்புக் கடைக்காரர் எத்தனை பேரோ, நாம் அறியோம்; ஆனால் அந்தச் சந்தைத் தெருவின் மொழி அதுதான்.

இதயத்தில் வீரம் குடியிருப்பதாக எண்ணுவது ஆங்கிலேயர்க்குப் புதிதன்று. 'கரேஜ்' என்று அவர்கள் மதித்துப் போற்றும் சொல்லே பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் இதயம்தான். மனம் தளர்ந்தவனை நோக்கி, உன் இதயத்தைப் பறித்து மேலே தூக்கு என்று கூறும் பழந்தொடரும் அவர்களிடம் இருந்தது. அந்தத் தொடரும் இந்தச் சொல்லுக்கு வழிவிட்டிருக்கலாம். வேறுபாடு ஒன்றே. 'கரேஜ்' அரண்மனை வழியாக வந்த இதயம். 'பிளக்' கொக்கியில் தொங்கிய இதயம். பொருள் ஒன்று, பிறப்பு வேறு. பிறப்பைக் காட்டிச் சொல்லையும் ஒதுக்குவார்கள் என்பதற்கு அவர்கள் நாடும் விலக்கல்ல. பெரும் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1827-இல் தம் நாட்குறிப்பில் இச்சொல்லைக் கையாண்டபோது, போக்கிரிகளின் சொல் என்று ஒரு குறிப்பையும் சேர்த்தே எழுதினார். சொல் தேவைப்பட்டது அவருக்கு. அதைத் தொட்ட கையைத் துடைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது!

களத்திலே அதைச் சம்பாதித்தவர்கள் யார் என்று பார்த்தால் நெஞ்சு கனக்கும். டேனியல் மெண்டோசா என்ற யூதர் லண்டனின் ஏழைப் பகுதியில் பிறந்தவர். உயரமும் எடையும் குறைந்தவர். பெரிய உடலுக்கு எதிரே நின்று வெல்ல, விலகலும் தடுத்தலும் கலந்த ஒரு முறையையே வகுத்து, 1790-களின் தொடக்கத்தில் நாட்டின் முதல் வீரராக விளங்கினார். 1795-இல் ஜான் ஜாக்சன் அவரை வென்றது எப்படி? நீண்டு வளர்ந்த அவர் தலைமுடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் அடித்து! விதியில் அதற்குத் தடை இல்லையாம். யூதர்கள் தம் நெறிப்படி உறுதிமொழி எடுத்து நாடாளுமன்றத்தில் அமர 1858 வரை காத்திருந்த நாடு அது.

டாம் மோலினோ, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர் என்று கூறப்படும் கறுப்பர். 1810 டிசம்பரில் இங்கிலாந்தின் தலைசிறந்த வீரர் டாம் கிரிப்பை எதிர்த்து நின்றார். குளிர்மழை, சேறு, முப்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள். கிரிப் தளர்ந்த வேளையில் கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே புகுந்தது. எழுந்து வர வேண்டிய அரை நிமிடம் அவருக்கு நீண்டுகொண்டே போனது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வெற்றி கிரிப்புக்கு. மோலினோவுக்கு? 'பிளக்' உள்ளவன் என்ற பாராட்டு வகையறாக்கள். 1811-இல் மீண்டும் மோதித் தோற்றார். 1818-இல் அயர்லாந்தின் கால்வே நகரில் வறுமையில் மாண்டார். வயது முப்பத்துநான்கு.

அதிகாரியின் சிரிப்புக்கு விடை கிடைக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

பெயர்ச்சொல்லாக இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஓர் 'இ' ஒட்டிப் 'பிளக்கி' என்று அடைமொழி ஆயிற்று. கசாப்புக் கடை வாடை போயிற்று. பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்தது, சிறுவர் கதைகளில் வாழ்ந்தது, சீமாட்டிகளும் கூசாமல் கூறலாயினர். சொல் உயர்ந்தது. ஆனால் உயர்ந்த சொல் எவரைக் குறித்து வழங்கியது? வாட்டர்லூவில் வென்ற வெல்லிங்டனைப் 'பிளக்கி' என்று எழுதிக் கண்டதில்லை. டிரஃபால்கரில் வென்ற நெல்சனையும் அப்படி அழைத்தாரில்லை. அவர்கள் வீரர், தீரர், மாவீரர். 'பிளக்கி' யார்? நோயோடு போராடும் சிறுமி பிளக்கி. கணவனை இழந்து கடை நடத்தும் பெண் பிளக்கி. பெரிய அணியிடம் தோற்ற சின்ன அணி பிளக்கி. மெலிந்தவன், சிறியவன், எளியவன், பெண், குழந்தை இவர்கள் துணிந்தால் அதற்குத் தனிச் சொல்! துணிவார்கள் என்று எதிர்பாராதவர், வியந்து, குனிந்து, முதுகில் தட்டிச் சொல்லும் சொல்! அஞ்சாமையை ஒப்புக்கொள்கிறது, அளவில் சிறியவன் என்பதையும் அதே மூச்சில் நினைவூட்டுகிறது. வென்றவனுக்கு இது தேவைப்படுவதே இல்லை. அதிகாரி எதையும் ஊகிக்கவில்லை. படித்தார், அவ்வளவுதான்.

ஒரு நாட்டுக்கே இந்தப் பட்டத்தைச் சூட்டியதுண்டு. 1914 ஆகஸ்ட் 4-ஆம் நாள் செர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. 1839-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அந்நாட்டின் நடுநிலையைக் காக்கக் கடமைப்பட்ட பிரிட்டன் போரில் இறங்கியது. "பிளக்கியான சின்னஞ்சிறு பெல்ஜியம்" என்று ஏடுகள் முழங்கின. பெல்ஜிய மக்கள் பட்ட துன்பம் உண்மை. லூவேன் நகரின் நூலகம் எரிந்தது உண்மை. அவர்கள் எதிர்த்து நின்றதும் உண்மை. ஆனால் அந்தச் 'சின்னஞ்சிறு' என்ற அடைமொழியை ஆப்பிரிக்காவில் நின்று கேட்டால் எப்படி ஒலிக்கும்? அதே பெல்ஜியத்தின் மன்னர் இரண்டாம் லியோபோல்ட், 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தம் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். ரப்பர் பால் குறைந்தால் கையை வெட்டும் ஆட்சி அது. 1904-இல் ரோஜர் கேஸ்மென்ட் அதை அறிக்கையாக எழுதி உலகுக்குக் காட்டினார். பத்தே ஆண்டில் எல்லாம் மறந்துபோயிற்று. கை இழந்த காங்கோ மக்களை எந்த ஏடும் 'பிளக்கி' என்று எழுதியதாக நாம் படித்ததில்லை. தட்டிக்கொடுப்பதற்கும் ஒரு நெருக்கம் வேண்டும் போலும்.

இன்னொரு வேடிக்கை. ஆக்ஸ்ஃபோர்டில் தேர்வில் தோற்ற மாணவனையும் ஒரு காலத்தில் 'பிளக்' செய்யப்பட்டவன் என்பார்கள். பட்டமளிப்பில் அதிகாரி நடந்து வரும்போது, மாணவனிடம் கடன் நிலுவை உள்ள கடைக்காரன் அவர் அங்கியைப் பிடித்து இழுத்துத் தடை கூறலாம் என்ற பழைய வழக்கத்திலிருந்து வந்ததாம். ஆக, குலை இருந்தாலும் பிளக், பட்டம் போனாலும் பிளக்!

அவர்கள் துணிவைத் தேடிய இடங்கள் இதோடு முடியவில்லை. 'கட்ஸ்' என்றால் குடல்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதுவும் வீரமாயிற்று. 'ஸ்பங்க்' என்றால் தீப்பற்றும் பஞ்சு போன்ற மரத்துண்டு. 'கிரிட்' என்றால் பொடிக்கல், மணல். அமெரிக்கர் கொடுத்த பொருள். 'நெர்வ்' நரம்பு. 'மாக்ஸி' என்பது அமெரிக்காவில் விற்ற ஒரு பானத்தின் வணிகப் பெயர். நரம்புக்கு வலிமை தரும் மருந்து என்று தொடங்கியது, பின்னர் அப்பெயரே துணிவைக் குறிப்பதாயிற்று. கோழையின் ஈரல் வெளுத்திருக்கும் என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் அந்த வசை இருக்கிறது. குருதியை ஈரல் உண்டாக்குகிறது, குருதி குறைந்தால் துணிவு குறையும் என்று நெடுங்காலம் நம்பியதன் மிச்சம். 1628-இல் வில்லியம் ஹார்வி, இதயம் குருதியை இறைத்துச் சுற்றவிடும் ஓர் உறுப்பு என்று காட்டினார். ஆராய்ச்சி முன்னே போயிற்று. மொழி பழைய வீட்டை விட்டு நகரவில்லை. அறிவு ஏற்றுக்கொண்டதைச் சொல் ஏற்றுக்கொள்ள எத்தனை நூற்றாண்டு பிடிக்கும் என்று எவர் கூற முடியும்?

ஆனால் முற்றும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. அச்சம் வந்ததும் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்த சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன, இதயம் படபடக்கிறது, வயிற்றுக்குப் போகும் குருதி குறைந்து தசைகளுக்குப் பாய்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்று நம் பாட்டிமார் கூறியது, கரைக்காத புளியைக் கற்பனை செய்தல்ல. உடல் அவ்விடத்தில்தான் பேசுகிறது. கேட்டவர்கள் அவ்விடத்துக்கே பெயர் வைத்தார்கள்.

தமிழில் நாம் எங்கே வைத்தோம்? தறுகண் என்று கண்ணில் வைத்தோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் இடங்களாக நான்கைக் கூறுகிறார்: கல்வி, தறுகண், புகழ், கொடை. அஞ்சாமைக்கு முன்னே கல்வி நிற்கிறது என்பதைப் படைக்கலம் ஏந்திய ஒரு காலத்தின் நூலில் காணும்போது வியப்பு மேலிடுகிறது. துணிவு என்ற சொல் வெட்டுவதிலிருந்து வந்தது. துணித்தல் வெட்டுதல், துணிதல் முடிவெடுத்தல். ஐயத்தை வெட்டிய பின் மிஞ்சுவது துணிவு. ஆங்கிலத்தில் முடிவெடுத்தலைக் குறிக்கும் 'டிசைட்' என்பதும் இலத்தீனில் வெட்டியெறிதலே. கடல் கடந்த இரு மொழிகள், ஒன்றையொன்று கேளாமல், ஒரே கத்தியை எடுத்திருக்கின்றன!

அப்படியானால் அந்தக் கொத்து? அந்த இதயமும் ஈரலும் நுரையீரலும் சேர்ந்த கொத்து? அதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. ஈரற்குலை. பேச்சில் ஈரக்குலை. ஆங்கிலேயரின் 'பிளக்' எதுவோ, அதுவே இது. உறுப்புக்கு உறுப்பு பிசகாது. "என் ஈரக்குலையே நடுங்கிவிட்டது" என்கிறோம். ஒரே குலை! அவர்கள் கையில் அது அஞ்சாமை. நம் வாயில் அது அச்சம். அவர்கள் அது இருக்கிறதா என்று கேட்டார்கள். நாம் அது நடுங்குகிறதே என்று கூவினோம்.

நூலகத்து மேசையில், பேரகராதியின் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஆட்டின் இதயம் ஈரல் நுரையீரல் என்று படித்த நாளில், இவ்வளவும் நமக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். எந்தக் கடையை மறைக்கப் பொய் கூறினோமோ, அந்தக் கடையின் கொக்கியில்தான் நம் பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. நேர்முகத் தேர்வில் ஒரு கையால் கடையை மறைத்து, மறு கையால் கடையின் பொருளை நீட்டியிருக்கிறோம்! அதிகாரிக்கு அந்த வரலாறும் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் அவர் சிரிப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை எண்ணும்போதெல்லாம் இன்றும் காது சுடுகிறது.

மறுநாள் ஞாயிறு. கடைக்குப் போனோம். பள்ளியில் உயர் வகுப்புக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் போவதையே தவிர்த்திருந்தோம். கூட்டம் கலைந்த நேரம். தந்தையார் கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். கொக்கியில் ஒரு ஈரற்குலை மட்டும் விற்காமல் தொங்கியது.

"அப்பா, என் சான்றிதழில் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறதல்லவா? அது இதுதான்."

"எது?"

"இந்த ஈரக்குலை. வெள்ளைக்காரர் ஊரில் இதற்குப் பெயர் பிளக். இது உள்ளவன் தைரியசாலியாம்."

அவர் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. நம்மையும் பார்த்தார், கொக்கியையும் பார்த்தார்.

"ஏன் தம்பி, முப்பது வருடமாய் ஆடு அறுக்கிறேன். குலை இல்லாத ஆட்டை நான் பார்த்ததே இல்லையே. முட்ட வந்த கிடாவுக்கும் இதுதான் இருந்தது, கத்தாமல் வந்த குட்டிக்கும் இதுதான் இருந்தது. இதில் தைரியம் எது, பயம் எது?"

நம்மிடம் விடை இல்லை. அகராதியிலும் இல்லை. ஆங்கிலேயர் இருநூறு ஆண்டு சிலருக்கு மட்டும் உண்டு என்று பேசிய பொருளை, எல்லாருக்கும் உண்டு என்று கட்டையைக் கழுவியபடியே அவர் கூறிவிட்டார்.

பின்னர், நம் முகத்தைப் பாராமலே கேட்டார்: "வேலைக்கு எழுதிப் போட்டாயே, அதில் என் தொழில் என்னவென்று எழுதினாய்?"

அவருக்குப் படிக்கத் தெரியாது. எவரும் அவரிடம் சொல்லவுமில்லை. ஆனாலும் கேட்டார். ஓட்டப் பந்தயத்தில் நாம் ஓடியதைக் காண அவர் வரவில்லை என்று எத்தனை நாள் மனத்துக்குள் குறை கூறியிருக்கிறோம்! நாம் அழைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மற்ற பிள்ளைகளின் பெற்றோர் நடுவே அவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று அஞ்சி அழைக்கவில்லை. குதிகாலைச் சில்லு கிழித்தபோது நடுங்காத ஈரற்குலை, அவர் வந்துவிடுவாரோ என்று நடுங்கியிருக்கிறது. அந்தப் பையனுக்குத்தான் தலைமையாசிரியர் அந்தச் சொல்லை எழுதினார்.

"வணிகம் என்று எழுதினேன், அப்பா."

"சரிதானே. விற்கிறேன், வாங்குகிறேன். வணிகம்தான்" என்றார். கொக்கியிலிருந்து குலையை எடுத்துத் தாமரை இலையில் சுற்றி நம் கையில் தந்தார். "அம்மாவிடம் கொடு. மிளகு கூடப் போடச் சொல்."

அடுத்த விண்ணப்பத்தில், தந்தையின் தொழில் என்ற கோட்டின்மேல், ஆட்டுக்கறிக் கடை என்று எழுதினோம். பேனா அந்த இடத்தில் சற்று நின்றது. மை ஒரு புள்ளியாகத் தேங்கி விரிந்தது. அதை வேறு தாளில் எழுதலாமா என்று எண்ணி, அப்படியே அனுப்பினோம். அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கு அடுத்தது கிடைத்தது; அங்கே சான்றிதழை எவரும் கேட்கவில்லை.